கால்ல பட்டுச்சா, படலையா?

இது நடந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. கம்போங் ராஜாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. ஆனால் கதையை அதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஈப்போவில் ஒரு ஹாக்கித் திடலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

நான் வேன் ஓட்டுகிறவள். திங்கள் முதல் வெள்ளி வரை கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவேன். சனி, ஞாயிறில் டூரிஸ்ட் யாராவது வந்தால் தேயிலை மலைக்குக் கூட்டிப் போவேன். இதை விட்டால் எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் ஹாக்கி. பள்ளியில் மூன்றாம் படிவம், அதாவது பதினைந்து வயசு வரைக்கும் நானும் மட்டை பிடித்தவள்தான். அப்புறம் விளையாட்டு விட்டுப் போச்சு, பைத்தியம் விடவில்லை.

எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை பார்க்கும் என் தோழிக்கு ஒரு மகள். முதலாம் ஆண்டில் இருந்து என் வேனில்தான் பள்ளிக்குப் போனாள். அந்தப் பெண் வளர்ந்து, ஈப்போவில் ஒரு மகளிர் குழுவில் முன்வரிசை ஆட்டக்காரி ஆகிவிட்டாள். அன்றையிலிருந்து அது எனக்கு அவள் குழு இல்லை, என் குழு. அவர்கள் விளையாடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் மலை இறங்கிப் போவேன். அந்த வருஷம்தான் முதல் தடவையாக அரையிறுதிக்கு வந்தார்கள். தோற்றால் வீட்டுக்கு, ஜெயித்தால் இறுதி ஆட்டம். என் வேன் நிறைய தோட்டத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனேன்.

கடைசி நிமிஷம். ரெண்டுக்கு ஒன்று, நாங்கள் பின்னால். கோல் வட்டத்துக்குள் ஒரே நெரிசல். பந்து எங்கேயோ பட்டு உருண்டு வந்தது, நம்ம பெண் ஓங்கி அடித்தாள், கோல் பலகையில் 'டம்' என்று விழுந்தது. கோல்! நான் எழுந்து குதித்ததில் பக்கத்தில் இருந்தவர் மேல் காப்பி கொட்டிவிட்டது. அப்போதுதான் விசில். நடுவர் ஒரு பெண். தொப்பி போட்டு, ஒல்லியாக, கையை நேராக நீட்டி எதிர்ப்பக்கம் காட்டினார். கோல் இல்லை. அடிப்பதற்கு முன்னால் பந்து நம்ம ஆட்டக்காரி ஒருத்தியின் காலில் பட்டதாம்; ஹாக்கியில் காலில் பட்டால் தப்பு.

காலில் படவே இல்லை! நான் என் ரெண்டு கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

ஆட்டம் முடிந்தது. நாங்கள் வெளியே. பிள்ளைகள் வேனில் பேசினால் எந்த வார்த்தைக்கு இறக்கி விட்டுவிடுவேன் என்று மிரட்டுவேனோ, அந்த வார்த்தையை நான் திடலில் நின்று கத்தினேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வரும் வழியில், மலை ஏறுவதற்கு முன்னால் பெட்ரோல் போட நிறுத்தினேன். அங்கே போனை எடுத்து வாட்சப் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டேன். "கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குலா விசிலு? அவள எங்க மலைக்கு அனுப்பி வைங்க, மேலருந்து நானே உருட்டி விடுறேன்!" என்று. வேனில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கோல் அடித்த பெண் மட்டும் பின் சீட்டில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அம்மாவோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று எங்களோடு மலைக்கு வந்தாள். "ஒன்னும் இல்ல ஆண்ட்டி, அடுத்த சீசன் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு அதுதான் புரியவே இல்லை. ஓடினவள் தூங்குகிறாள், உட்கார்ந்து பார்த்த எனக்கு ஏன் நெஞ்சு இப்படி அடைக்கிறது?

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், "ஒரு கேம் தானே, விடு லா" என்றார். அவரோடு அப்புறம் நான் பேசவில்லை. என் சொந்தத் தங்கச்சியின் கல்யாணம் நின்றபோதுகூட நான் சாப்பிட்டேன், தூங்கினேன். இதற்கு ஏன் இப்படி ஆனேன் என்று எனக்கே கேள்வியாக இருந்தது. கோபமா, துக்கமா, அவமானமா என்றும் தெரியவில்லை.

காலையில் எழுந்து, முகம் கழுவி, வேனை எடுத்தேன். கோலா தெர்லாவில் முதல் வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தேன். கீரைத் தோட்டம் வைத்திருக்கிற அந்த வீட்டுக்காரர் சாரத்தோடு, வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.

"அக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம லா!"

"தெரியும். சும்மாதான் வந்தேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருத்தர் வீட்டு வாசலில் சும்மா வந்து யாராவது ஹார்ன் அடிப்பார்களா? அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கட்டு கீரை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது கம்போங் ராஜாவில் ஹோம்ஸ்டே நடத்துகிற அக்கா போன் செய்தார். ஈப்போவில் இருந்து புருஷன், பொஞ்சாதி ரெண்டு பேர் வந்திருக்கிறார்கள், தேயிலை மலையைப் பார்க்க வேண்டுமாம். சரி, வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல் என்று போனேன்.

புருஷன் முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறினார். நல்ல கலகலப்பான மனிதர். அந்த அம்மா பின்னால், இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். குளிருக்குக் கழுத்துவரை சால்வை, முகத்தில் தூக்கமே இல்லை. நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டம்மாவுக்கு நேத்து ரொம்ப டென்ஷன்க்கா. யாரும் தெரிஞ்சவங்க இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. அதான் விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி வந்துட்டோம்" என்றார்.

"அப்படிங்களா, இங்க யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்று சொன்னேன். இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கண்ணாடிக்குக் கீழே எங்கள் குழுவின் சின்னக் கொடி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "ஓ, அக்கா ஹாக்கி பாப்பீங்களா? நேத்து இந்த டீம் கேமுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். பின்னால் இருந்து அந்த அம்மாவின் கை வந்து அவர் தோளைத் தொட்டது. அவர் சட்டென்று வாயை மூடினார்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். தொப்பி இல்லை, விசில் இல்லை. ஆனால் அதே முகம்.

வேனை நிறுத்தி இறங்கச் சொல்வதா? முகத்துக்கு நேராகக் கேட்பதா? ஒன்றுமே தெரியாத மாதிரி ஓட்டுவதா? மூன்றையும் ஒரே நேரத்தில் நினைத்தேன், ஒன்றையும் செய்யவில்லை. கால் மட்டும் எண்ணெய் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தது. வேன் கொஞ்சம் வேகமாகப் போவது எனக்குத் தெரிந்தது. குறைக்கத் தோன்றவில்லை.

தோட்டத்து ரோடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வேன் அகலம்தான். வலது பக்கம் மலை, அதன் ஓரம் கால்வாய். இடது பக்கம் தேயிலைச் சரிவு, அப்படியே கீழே. ஒரு இடத்தில் ரோடு ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைந்து போகும். இடது ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரோடு தெரியும். ஓட்டுகிறவளுக்கு வளைவைத் தாண்டினால்தான் தெரியும். அன்றைக்கு மேலிருந்து பனி வேறு இறங்க ஆரம்பித்திருந்தது.

அப்போது பின்னால் இருந்து, "நிப்பாட்டுங்க!" என்று ஒரு குரல்.

இங்கேதான் எனக்கு எல்லாம் குழம்பிப் போகிறது. அந்தக் குரல் காதில் விழுந்தது. விழுந்ததும், 'நீ சொன்னா நான் நிப்பாட்டணுமா?' என்று மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடியது. அப்படி ஓடியதா, அல்லது எல்லாம் முடிந்த பிறகு நானே சேர்த்துக்கொண்டேனா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். தெரியவில்லை.

"அக்கா! நிப்பாட்டுங்க, ஆள்! ஆள்!"

வளைவு திரும்பியதும் பனிக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று ரோட்டு நடுவில் குந்தியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். ஈரச் செம்மண்ணில் வேன் சறுக்கியது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். முன் சக்கரம் கால்வாயில் இறங்கி, பக்கமெல்லாம் மலையில் உராய்ந்து, 'கடக்' என்று நின்றது. இடது பக்கம் ஒடித்திருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

ரோட்டில் இருந்தவர் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு வங்காளதேசத்துக்காரர். சாம்பல் நிற மழைக்கோட்டு. அவருடைய புல்வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நடு ரோட்டில் வைத்து, குனிந்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேனின் மூக்குக்கும் அவருக்கும் நடுவில் என் ஒரு கை நீளம்தான் இருந்தது. மெதுவாக எழுந்தார். ஓடி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து என்னை எட்டிப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அக்கா, ஒன்னும் ஆகலியே?" என்று மலாயில் கேட்டார். இடித்துக் கொல்லப் பார்த்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

யாருக்கும் அடி இல்லை. வேனைத்தான் வெளியே இழுக்க முடியவில்லை. அந்தத் தொழிலாளியும் முன் சீட்டில் இருந்தவரும் டிராக்டர் கூட்டிவர ஃபேக்டரிக்கு நடந்து போனார்கள். நானும் அந்த அம்மாவும் மட்டும் ரோட்டோரத்தில் உட்கார்ந்தோம். அவர் தன் சால்வையை எடுத்து என் மடியில் போட்டார்.

நான்தான் ஆரம்பித்தேன். "மேடம், நேத்து நான் அங்கதான் இருந்தேன்."

"தெரியும்க்கா. ஏறினவொடனே கொடிய பாத்துட்டேன்."

"அப்ப ஏன் ஒன்னும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஒரு வாய்ஸ் மெசேஜ் எனக்கும் வந்துச்சு. யாரோ யாருக்கோ அனுப்பி, சுத்திச் சுத்தி வந்துச்சு. மலையிலருந்து உருட்டி விடுறேன்னு. நீங்க பேசறப்ப, அந்தக் குரல் மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன். ஆனா உறுதியா தெரியல. உறுதியா தெரியாம ஒருத்தர எப்படிக்கா கேக்கறது?"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் 'நேத்து மட்டும் உறுதியா தெரிஞ்சிச்சா?' என்று என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறமும் மனசு கேட்கவில்லை. "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. கால்ல பட்டுச்சா?"

அவர் மெதுவாகச் சொன்னார். "சத்தம் கேட்டுச்சுக்கா. பந்து திசை மாறுச்சு. நடுவுல ஒரு ஆள் மறைச்சுச்சு. ஊதுனப்ப எனக்கு நூத்துக்கு நூறு தெரியும், பட்டுச்சுன்னு. வீட்டுக்குப் போனவொடனே எண்பதாயிருச்சு. வீடியோவ போட்டுப் போட்டுப் பாத்தேன். வெயில் கண்ண அடிக்குது, ஒன்னுமே தெரியல. இப்ப கேட்டா... எனக்குத் தெரியலக்கா. ஆனா அங்க நின்னுக்கிட்டு தெரியலன்னு சொல்ல முடியாதில்ல? ஏதாச்சும் ஒன்ன கை காட்டணுமே."

படவில்லை, தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். பட்டுச்சு என்று அடித்துச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரியவில்லை என்று சொன்னவரிடம் நான் என்ன செய்வது? முந்தின நாள் முழுக்க நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் முழித்தேன்.

அப்போது எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது. "மேடம், நீங்க மொத தடவ நிப்பாட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் வேணும்னே நிப்பாட்டலையோன்னு பயமா இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மொத தடவயா? நான் ஒரு தடவதானே கத்துனேன்?"

"இல்ல மேடம், ரெண்டு தடவ."

"இல்லக்கா. ஆள் ஆள்னு ஒரு தடவதான்."

டிராக்டர் வந்தது. அவர் கணவரிடம் கேட்டோம். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "மூனு தடவ கத்துனியேமா" என்றார். புல் வெட்டுகிறவரிடம் கேட்டால், அவருக்குக் கத்தல் எதுவும் கேட்கவில்லையாம், ஹார்ன் சத்தம்தான் கேட்டதாம். நான் ஹார்ன் அடித்தேனா? எனக்கு நினைவே இல்லை. நாலு பேர், நாலு கதை. யாரும் பொய் சொல்லவில்லை.

வேனை இழுத்து விட்டார்கள். வலது பக்கம் நீளமாகக் கீறல். பணம் எதுவும் வேண்டாம், ஹோம்ஸ்டேயில் இறக்கி விடுகிறேன் என்று சொன்னேன். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், மேல போலாம்க்கா" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு என் வேனிலேயே ஏறி உட்கார்ந்தார், இந்த முறை முன் சீட்டில். முதல் கியரிலேயே மேலே போனேன். அங்கே பனி மூடி ஒரு செடிகூடத் தெரியவில்லை. மூன்று பேரும் டீ குடித்துவிட்டு வந்தோம். இறங்கும்போது என் கையைப் பிடித்து, "பாத்துப் போங்கக்கா" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் நேரில் சந்திக்கவில்லை.

அன்று சாயங்காலமே குரூப்பில் இன்னொரு குரல் பதிவு போட்டேன். நான் பேசியது தப்பு, அந்த நடுவர் இன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று. முந்தின நாள் கை தட்டினவர்களில் பாதிப் பேர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தர், "என்னக்கா, ஒரே நாள்ல கட்சி மாறிட்டீங்க?" என்று கேட்டிருந்தார். பதில் போட முயன்று, அழித்து, கடைசியில் விட்டுவிட்டேன். நான் கட்சி மாறினேனா? இன்றைக்கும் எங்கள் குழு தோற்றதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறதே.

தோழியின் மகள் ஈப்போவுக்குத் திரும்புவதற்கு முன்னால் அவளிடமும் கேட்டேன். "உண்மையச் சொல்லு, கால்ல பட்டுச்சா?"

"எனக்கு எப்படி ஆண்ட்டி தெரியும்? நான் கோல் போஸ்ட்ட இல்ல பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று சிரித்தாள்.

அந்தப் புல் வெட்டுகிறவர் இப்போதும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஊரில் ரெண்டு பிள்ளைகள் என்று ஒரு நாள் போனில் படம் காட்டினார். நான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்க முடியாமல் திருப்பிக் கொடுத்தேன். ஒரு குரல் எனக்குக் கேட்டும் நான் காலை எடுக்காமல் இருந்தேனா என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இப்போதும் ஹாக்கி பார்க்கப் போகிறேன். விசில் ஊதினால் எழுந்து நிற்கிறேன், வாயும் திறக்கிறது. முன்னே மாதிரி வார்த்தை மட்டும் உடனே வருவதில்லை. அதை நல்ல குணம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், பயம் என்றுகூடச் சொல்லலாம். ஒரு மனுஷனை இடித்துக் கொல்லும் அளவுக்கு என் வாழ்க்கையில் நான் கிட்டப் போனது, எனக்கு எல்லாம் நன்றாகத் தெரியும் என்று நூற்றுக்கு நூறு நம்பியிருந்த அந்த ஒரு நாளில்தான். அதனால் இப்போதெல்லாம் யாராவது ஏதாவது கேட்டால், "எனக்குத் தெரியல லா" என்று சொல்ல நான் வெட்கப்படுவதே இல்லை.